பெயருக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறந்துபோன தன் அப்பாவின் லைசென்ஸ் கைத்துப்பாக்கியை விற்க அலைந்த கதையை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். ஒருவர் லட்சக்கணக்கில் சொல்கிறார், இன்னொருவர் ஆயிரக்கணக்கில் சொல்கிறார், நியாயமான விலையை யாரிடம் போய்க் கேட்பது என்பது அவர் கேள்வி. யாராவது பதில் எழுதுவார்கள் என்று இரண்டு வாரம் பார்த்தேன். யாரும் எழுதவில்லை. போன வருஷம் இதே குழியில் நானும் விழுந்து எழுந்தவன் என்பதால் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும். வேண்டாத இடத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் மதுரையின் நகைக்கடைத் தெருவான தெற்காவணி மூல வீதியில் தொழில் பழகியவன். பிறகு முப்பத்தெட்டு வருஷம் வங்கிகளில் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்தேன். உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் டச் (தங்கத்தின் சுத்தம்) எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து, பொடி பார்த்து, இவ்வளவுதான் பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதை யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. அப்படிப்பட்டவனை அரைக் கிலோச் சொச்சம் இரும்பு மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது.

அந்தத் துப்பாக்கி என் அண்ணனுடையது. திருமங்கலத்தில் பருத்தி கமிஷன் கடை வைத்திருந்தார். விருதுநகர், ராஜபாளையம் என்று சீசனில் பணப்பையோடு போய்வருவார். இரவு பதினொரு மணிக்கு அம்பாசிடர் காரில் தனியாகத் திரும்புவது பழகிப்போன விஷயம். ஒருமுறை கள்ளிக்குடி பக்கம் ரோட்டில் கல்லை அடுக்கி வண்டியை மறித்தார்கள். அதற்குப் பிறகுதான் லைசென்ஸுக்கு மனுப் போட்டார். 1983-ல் கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவரிடம் பதினோராயிரம் ரூபாய்க்கு வாங்கினார். ஜெர்மன் வால்தர் கம்பெனி, பிபிகே மாடல், பாயிண்ட் முப்பத்திரண்டு (தோட்டா போகும் குழல் துளையின் அளவு, அங்குலத்தில்). பேன்ட் பாக்கெட்டில் அடங்கிவிடும். நாற்பது வருஷத்தில் அதைக்கொண்டு அவர் யாரையும் சுட்டதில்லை. தென்னந்தோப்பில் காக்காய் விரட்டக்கூட எடுத்ததில்லை. அதற்கு நடந்த ஒரே மரியாதை வருஷா வருஷம் ஆயுத பூஜை. கணக்குப் புத்தகத்துக்கும் தராசுக்கும் நடுவில் அதையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டுவார். இந்தச் சந்தனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அண்ணன் 2024 ஆடியில் காலமானார். காரியம் முடிந்த கையோடு அதை லைசென்ஸ் உள்ள டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். லைசென்ஸ்காரர் போன பிறகு அந்தப் பொருள் வீட்டில் இருப்பதே தப்பு. ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவு போலீஸ் ஸ்டேஷனிலோ டீலரிடமோ தாமதமில்லாமல் ஒப்படைக்கச் சொல்கிறது. வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். உரியவருக்கு விற்கவும் செய்யலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் நடக்காவிட்டால் கலெக்டர் நோட்டீஸ் கொடுத்து அரசுடைமை ஆக்கிவிடலாம். அண்ணன் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. "சித்தப்பா, எனக்கு எதுக்கு இதெல்லாம், வித்துருங்க" என்றான். ஆகவே விற்கும் பொறுப்பு மதினியின் பெயரில் என் தலையில் வந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காலக்கெடு தலைக்கு மேல் தொங்கும்போது விற்பவனுக்குப் பேரம் பேசும் தெம்பு பாதி போய்விடும். கல்யாணத்துக்கு முதல் நாள் நகையை விற்க வருகிறவன் மாதிரி. டீலருக்கு அது நன்றாகத் தெரியும். எங்கள் டீலர் (ஊரும் பேரும் வேண்டாம்) துப்பாக்கியை வைத்திருப்பதற்கான மாத வாடகைக் கணக்கை முதலில் சொன்னார். அப்புறம், "பழசு அய்யா, துரு ஏறிக் கிடக்கு, எழுபதாயிரம்னா நானே வச்சுக்கிறேன்" என்றார். அதே வாரம் மருமகன் மூலமாக ஒரு புரோக்கர் போனில் வந்தார். "அண்ணே, வால்தரா? கண்ணை மூடிக்கிட்டு ஒம்பது கேளுங்க" என்றார். ஒன்பது என்றால் ஒன்பது லட்சம். எழுபதாயிரத்துக்கும் ஒன்பது லட்சத்துக்கும் நடுவில் ஒரு பொருளின் விலை ஊசலாடுகிறது என்றால், அங்கே விலை என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு பேரின் ஆசைதான் இருக்கிறது.

உட்கார்ந்து யோசித்தேன். பழைய நகை வந்தால் முதலில் என்ன செய்வேன்? அழகைப் பார்க்க மாட்டேன், எடை போடுவேன். டீலர் கடையிலேயே, அவர் முன்னால், தோட்டா இல்லாமல் காலி மேகசினோடு (தோட்டாவை அடுக்கிப் பிடிக்குள் செருகும் தகரப் பெட்டி) என் டிஜிட்டல் தராசில் வைத்தேன். 588 கிராம். எழுபத்து மூன்றரைப் பவுன் எடை! சிரிக்காதீர்கள், எனக்கு அப்படிக் கணக்குப் போட்டால்தான் மனசு நிற்கும். ஆனால் எடை இங்கே ஒன்றும் சொல்லவில்லை. தங்கத்துக்கு எடையும் மாத்தும் விலையைச் சொல்லிவிடும். இரும்புக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வேறு கணக்குப் போட்டார். 1983-ல் பவுன் ஆயிரத்து நானூறை ஒட்டி இருந்தது, பதினோராயிரம் என்றால் கிட்டத்தட்ட எட்டுப் பவுன் காசு, அதனால் இன்றைக்கும் எட்டுப் பவுன் விலை கொடு என்று கேள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பவுன் தேயாது, ஸ்பிரிங் தளர்ந்துபோகும். வாங்கின விலையை வைத்து விற்கிற விலையைச் சொல்வது நிலத்துக்கும் தங்கத்துக்கும் பழகின புத்தி. ஓடுகிற பொருளுக்கு அது ஒத்துவராது. அண்ணனின் அம்பாசிடரை என்ன விலைக்கு விற்றோம் என்று அவருக்கும் தெரியும்.

சரி, இந்த ஒன்பது லட்சம் எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. தனியார் வெளிநாட்டிலிருந்து கைத்துப்பாக்கி இறக்குமதி செய்வது எண்பதுகளின் நடுவிலேயே நின்றுபோனது. ஆகவே அதற்கு முன் வந்து இறங்கிய வால்தர், வெப்ளி, கோல்ட் (Colt) போன்ற வெளிநாட்டுக் கம்பெனித் துப்பாக்கிகள்தான் நாட்டுக்குள் கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. அதிலும் 9 மி.மீ., பாயிண்ட் முப்பத்தெட்டு, பாயிண்ட் நாற்பத்தைந்து எல்லாம் படைகளுக்கு உரிய தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் வைத்துக்கொள்ள முடியாது. மிச்சம் பாயிண்ட் முப்பத்திரண்டு, இருபத்தைந்து, இருபத்திரண்டு. இப்படி வடிகட்டி வடிகட்டிப் பார்த்தால் வெளிநாட்டுப் பெயர் போட்ட முப்பத்திரண்டு என்பது அருங்காட்சியகச் சாமான் மாதிரி ஆகிவிடுகிறது. உளவாளிப் படங்களில் பார்த்த பெயர் வேறு. டல்லாஸில் இருக்கும் என் அக்கா மகனிடம் கேட்டேன். அங்கே இதே மாடல் புத்தம் புதிதாக ஆயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கிறதாம். பழசுக்குத் தேய்மானத்தைச் சதவீதமாகப் போட்டு விலைப் புத்தகமே அச்சடித்து வைத்திருக்கிறார்களாம். "மாமா, டெக்சாஸ்ல ஒரே ஸ்டேட்டுக்காரங்க ரெண்டு பேர் தங்களுக்குள்ள வித்தா சர்க்கார்கிட்ட சொல்லவே வேண்டாம்" என்றான். அது அந்த ஊர் நியாயம். இங்கே அப்படி இல்லை என்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. ஒன்பது லட்சத்தில் பெரும்பங்கு துப்பாக்கிக்கு இல்லை, வருகிற வழி அடைபட்டதற்கு.

அதனால் கணக்கை இரண்டாகப் பிரித்தேன். இரும்பின் விலை ஒன்று, பெயரின் விலை இன்னொன்று. பழைய கல் வைத்த அட்டிகை வந்தால் தங்கத்துக்குத் தனி, கல்லுக்குத் தனி, பழமைக்குத் தனி என்று எழுதுவோம் அல்லவா, அதே மாதிரி.

இரும்பின் விலைக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, அது நம் நாட்டிலேயே இருக்கிறது. இஷாப்பூர், கான்பூர் தொழிற்சாலைகளில் தயாராகும் முப்பத்திரண்டு பிஸ்டலும் ரிவால்வரும் லைசென்ஸ் உள்ளவருக்குப் புதிதாகவே கிடைக்கும். 2014-ல் கான்பூரில் பெண்களுக்கென்று நிர்பீக் என்ற சிறிய ரிவால்வரை வெளியிட்டார்கள். எடை அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். அன்றைக்கே அவ்வளவு. போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்டல், ரிவால்வருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. எங்களிடம் வாங்க வந்தவர் விசாரித்து வைத்திருந்த புது பிஸ்டல் விலை, வரியெல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிற்று. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததைத் தனி ஆள் இன்னொருவருக்கு விற்கும்போது அந்த வரி இல்லை. ஆக, சுடுகிற கருவி என்ற அளவில் மட்டும் பார்த்தால் பழைய பிஸ்டல் புதுசை விடக் கூடுதல் பெறாது. இதுதான் உச்சவரம்பு. இதிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். எவ்வளவு இறங்குவது என்பதற்குத்தான் பொருளைத் திறந்து பார்க்க வேண்டும்.

திறந்து பார்க்க எனக்குத் தெரியாது. ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். வாங்க வந்தவரும் நானும் ஆளுக்குப் பாதி கூலி கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். இதை அந்த வாசகர் கவனிக்க வேண்டும். விற்பவன் கூட்டி வந்த ஆள் நல்லது சொல்வான், வாங்குபவன் கூட்டி வந்த ஆள் கெட்டது சொல்வான். இரண்டு பேரிடமும் கூலி வாங்கினவர் பார்த்ததைச் சொல்வார்.

டீலர் கடை மேசையில் பழைய தினத்தாளை விரித்து அவர் அதைப் பிரித்துப் போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே. மேகசினை எடுத்தார், குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் இரண்டு தடவை பார்த்தார், ட்ரிகர் வளையத்தைக் கீழே இழுத்தார், ஸ்லைடு (குழலுக்கு மேலே முன்பின் நகரும் இரும்பு மூடி) தனியாகக் கழன்று வந்தது. குழலின் ஒரு முனையில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து டார்ச் அடித்து மறுமுனையிலிருந்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே திருகுச் சுரை மாதிரி வரிகள் சுழன்று போகின்றன. வரியின் ஓரம் கூர்மையாக இருந்தால் குழல் நல்ல குழல். ஓரம் மழுங்கி, நடுவில் கருப்புப் புள்ளி இருந்தால் துரு தின்றிருக்கிறது. வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் குழல் எங்கோ வீங்கியிருக்கிறது, அப்போது விலை பேசாமல் எழுந்துவிட வேண்டும். அண்ணன் சுடாமல் வைத்திருந்த புண்ணியம், குழல் பளிச்சென்று இருந்தது.

வெளியேதான் வினை. ஸ்லைடை இழுக்கப் பிடிக்கும் இடத்தில் நெருக்கமாகக் கோடு கோடாகப் பள்ளம் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளங்களில் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஆர்மரர் ஊசியால் நெம்பி முகர்ந்து பார்த்தார். "சார், சந்தனம்!" என்றார். நாற்பது ஆயுத பூஜைச் சந்தனம். அதற்குக் கீழே ஈரம் நின்று நின்று துரு வரிவரியாக அரித்திருந்தது. வலது பக்கம் இன்னும் மோசம். அண்ணன் அதைத் தோலுறைக்குள் போட்டபடியே பீரோவில் வைத்திருந்தார். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பும் சேர்ந்து இரும்பைத் தின்னும். உறை வெளியில் எடுத்துப்போக, உள்ளே வைக்க எண்ணெய்த் துணி என்றார் ஆர்மரர். அண்ணன் இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

பிறகு ஒரு பென்சிலைக் குழலுக்குள் அடிப்பக்கமாகப் போட்டார். காலியான துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்து ட்ரிகரை இழுத்தார். பென்சில் எகிறி மேலே மின்விசிறி றெக்கையில் பட்டுத் தெறித்தது. தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியான பைரிங் பின்னுக்கு உயிர் இருக்கிறது என்றார். ஸ்லைடில் இருக்கும் சேப்டி நெம்புகோலை இறக்கினால் சுத்தியல் பின்னைத் தொடாமல் விழ வேண்டும். விழுந்தது. கடைசித் தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடு பின்னாலேயே நிற்க வேண்டும். காலி மேகசினைப் போட்டு இழுத்தார், நின்றது. ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ச்சி, மாற்ற வேண்டும். பிடியின் பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ பக்கம் முடி அளவு விரிசல். மேகசின் ஒன்றுதான் இருந்தது. வாங்கும்போது இரண்டு வந்ததாக மதினி சொல்கிறார். இந்த ரகத்துக்கு அசல் மேகசின் இங்கே கிடைப்பது குதிரைக் கொம்பு. பட்டறையில் அடித்த மேகசின் தோட்டாவைச் சரியாக ஊட்டாது. மேகசின் இல்லாத பிஸ்டல் திருகாணி இல்லாத தோடு என்று நான் சொன்னேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று.

இரும்பின் கணக்கு முடிந்தது. ஒன்றரை லட்சம் உச்சவரம்பிலிருந்து துரு, ஸ்பிரிங், விரிசல், வயசு எல்லாம் கழித்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

பெயரின் கணக்குதான் என் துறை. நகை பார்க்கும் என் லூப் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டேன். தங்கத்தில் ஹால்மார்க் பார்க்கிற அதே வேலை. 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகைக்கு எண்ணும் எழுத்துமாக ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி (எச்.யு.ஐ.டி.) கட்டாயம் ஆனது போல, துப்பாக்கி லைசென்ஸ்காரருக்கும் இன்று தேசியப் பட்டியலில் தனி அடையாள எண் உண்டு. துப்பாக்கியின் உடம்பில் இருக்கும் எண், லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒரு இலக்கம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். 3-ஐ 8 என்று யாரோ குமாஸ்தா எழுதியிருந்தால்கூட விற்பனை அங்கேயே நின்றுவிடும். எங்களுக்கு ஒத்துப்போனது. ஸ்லைடில் வால்தர், உல்ம் என்று இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்தக் கம்பெனி சேலா-மேலிஸ் என்ற ஊரில் இருந்தது, போருக்குப் பின்தான் உல்முக்கு வந்தது. ஆக இது பிற்காலத்துச் சரக்கு. பக்கத்தில் பொடியாக ஒரு மான்கொம்பு முத்திரை. உல்மில் சோதித்துப் போடும் அடையாளம் அது. கிட்டத்தட்ட அவர்கள் ஊர் ஹால்மார்க்.

அந்த மான்கொம்பைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. முத்திரையின் ஓரம் வழுவழுவென்று இருந்தது. எழுத்துகளும் அப்படியே. அடித்த முத்திரைக்கு ஓரத்தில் ஒரு மேடு நிற்கும். பழைய காசு, பழைய நகை எதைப் பாலீஷ் போட்டாலும் முதலில் போவது அந்த மேடுதான். இதை எப்போதோ யாரோ தேய்த்துவிட்டு மறுபடி நீலப் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். அண்ணன் செய்திருக்க மாட்டார். எஸ்டேட்காரர் விற்பதற்கு முன் செய்திருக்கலாம். ஆர்மரர் குழலைப் பார்த்தாரே தவிர இதைப் பார்க்கவில்லை. வாங்க வந்தவருக்குத் தெரியவே தெரியாது. சேர்த்து வைக்கிற ரகத்தில் அசல் பூச்சு என்பது பாதி விலை. தேய்ந்த அசலுக்கு இருக்கும் மரியாதை பளபளக்கும் மறுபூச்சுக்குக் கிடையாது.

நான் ஒன்றும் பேசாமல் லூப்பைக் கழற்றி வைத்தேன். வெளியே வந்து மதினிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, சொன்னால் ஐம்பதாயிரம் குறையும் மதினி, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "நீங்க பேங்க்ல இப்படித்தான் எழுதினீங்களா தம்பி?" என்று கேட்டார். உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.

பெயருக்கு நாங்கள் நினைத்திருந்தது இரண்டரை லட்சம். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், புரோக்கர்கள் கேட்கும் விலையை ஒதுக்கிவிட்டு, உண்மையில் பணம் கைமாறிய மூன்று விற்பனைகளை விசாரித்து எடுத்தது. இதுதான் எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ஒன்பது லட்சம், பன்னிரண்டு லட்சம் என்பதெல்லாம் கேட்ட விலைதான். அந்த விலைக்குக் கொடுத்தவரை நான் பார்க்கவில்லை. மறுபூச்சுக்காக அதில் ஐம்பதாயிரம் போயிற்று. இரண்டாவது மேகசின் இல்லாததற்கு இருபத்தைந்தாயிரம். முடிவில் இரும்பும் பெயரும் சேர்த்து இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்.

வாங்கியவர் உசிலம்பட்டிப் பக்கம் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். கையில் புது லைசென்ஸ். அவர் பாதியைப் பணமாகவும் பாதியைக் கணக்கிலும் தருகிறேன் என்றார். வேண்டாம் அண்ணாச்சி என்றேன். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2017-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். பாதிப் பாதி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு ஆயுதம் விற்ற இடத்தில் கணக்கில் ஓட்டை வைப்பானேன்? முழுத் தொகையும் மதினியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. இடையில் ஒருவர் போனில், "பேப்பர் எல்லாம் எதுக்கு, மூணு தர்றேன், தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுத்துருங்க" என்றார். நம்பரை அப்போதே பிளாக் செய்தேன். கூடுதல் பதினைந்தாயிரத்துக்கு ஜெயிலுக்குப் போகிற வயசில்லை எனக்கு.

விலை முடிந்தவுடன் பொருள் கைமாறாது என்பதையும் அந்த வாசகருக்குச் சொல்ல வேண்டும். யாருக்கு விற்கிறோம் என்ற பெயரையும் முகவரியையும் எழுத்து மூலம் மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டுக்கோ (கலெக்டர்தான் அவர்) அருகில் உள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கோ தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். சட்டம் கேட்பது பெயரும் முகவரியும்தான், விலையை அல்ல. அதனால்தான் எந்த விலைக்கு எது போயிற்று என்று எங்குமே பதிவாவதில்லை, புரோக்கர் சொன்னதே வேதம் ஆகிவிடுகிறது. ஐப்பசியில் மனுக் கொடுத்தோம், மார்கழியில் முடிந்தது. அந்த 45 நாளில் முன்பணம் வாங்கினால் எழுதி வாங்குங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் திருப்பித் தருவதாகவும் எழுதுங்கள்.

மனுக் கொடுக்கப் போன அன்று கலெக்டர் ஆபீஸில் அதிகாரி வர மதியம் ஆகும் என்றார்கள். பக்கத்தில் காந்தி மியூசியம். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனது, அதற்கப்புறம் இவ்வளவு வருஷம் ஊரில் இருந்தும் உள்ளே போகவில்லை. போனேன். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. அவரைச் சுட்டதும் இதே போல் சட்டைப் பையில் அடங்குகிற ஒரு பிஸ்டல்தான். இத்தாலிப் பெரெட்டா. குவாலியரில் தனியார் கையிலிருந்து தனியார் கைக்கு வந்தது. மியூசியத்தை நேரு திறந்துவைத்தது 1959-ல், ஆயுதச் சட்டம் வந்ததும் அதே 1959-ல். நாடா கட்டிய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 45 நாள் ஏன் என்று அதற்கப்புறம் யாரிடமும் அலுத்துக்கொள்ளவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. மாவட்ட ஆயுதப்படையில் ஆர்மரர்கள் இருக்கிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு, விற்பனைக்கு மனுக் கொடுத்த துப்பாக்கியைப் பார்த்து, குழல் நிலை இது, பாகங்கள் அசல், இன்ன குறை என்று ஒரு சீட்டு எழுதித் தர ஏற்பாடு செய்யலாம். விலையை அவர்கள் சொல்ல வேண்டாம். நிலையைச் சொன்னால் போதும், விலை தானாக வந்துவிடும். வங்கியில் நாங்கள் செய்ததும் அதுதான். மனுவில் விலைக்கும் ஒரு கட்டம் போட்டால் இன்னும் நல்லது. 2019 திருத்தத்தில் ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்று ஆன பிறகு, வாரிசாக வருகிறவை பல வீடுகளில் விற்பனைக்குத்தான் வரும். கம்பத்திலிருந்து ராமநாதபுரம் வரை எத்தனை மதினிமார்கள் எழுபதாயிரத்துக்குத் தலையாட்டியிருப்பார்களோ.

அந்த வாசகருக்கு இன்னும் இரண்டு வார்த்தை. பழைய தோட்டாக்களை விலையில் சேர்க்காதீர்கள். அண்ணன் பையில் பத்தொன்பது ரவுண்டு இருந்தது, அதற்கு நாங்கள் ஒரு ரூபாயும் கேட்கவில்லை, ஆர்மரர் அதைத் தொடவே பயந்தார். முப்பத்திரண்டு ரிவால்வர் தோட்டாவும் முப்பத்திரண்டு பிஸ்டல் தோட்டாவும் ஒன்றல்ல, எண் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி எழுதிக் கொடுத்து அலையாதீர்கள். விற்பதற்கு முன் பளபளப்பாக்குகிறேன் என்று எவன் வந்தாலும் விடாதீர்கள்.

இரண்டாவது மேகசின் இன்னும் கிடைக்கவில்லை. பங்க்காரர் மாதம் ஒருமுறை போன் செய்து கேட்கிறார், கிடைத்தால் அந்த இருபத்தைந்தாயிரத்தையும் தருகிறேன் என்கிறார். மதினி பருத்திக் குடோன், பரண், பழைய பேரேட்டுப் பெட்டி எல்லாம் பார்த்துவிட்டார். எங்கே கிடைத்தாலும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். லைசென்ஸ் இல்லாத வீட்டில் அந்தத் தகரப் பெட்டியும் ஆயுதம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
மதுரை

(பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டாம். துப்பாக்கி இருந்த வீடு என்று ஊருக்குத் தெரிவது மதினிக்கு நல்லதில்லை.)